அரை மில்லிமீட்டரும் 28 சட்டங்களும்

முதல் தேன்பெட்டியைச் செய்து முடித்தபோது அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். மூட்டுகள் எல்லாம் தண்ணீர் ஊற்றினால்கூடக் கசியாத இறுக்கம். மூலைகளைத் தடவிப் பார்த்தால் எங்கே ஒரு பலகை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. அந்த மூட்டுகளுக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அப்புறம் மேலே வைக்கிற சட்டங்கள் 28, அவற்றை மீதிக் கட்டைகளிலிருந்து ஒரே மாலையில் அறுத்துத் தள்ளினேன். குச்சிதானே, இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

தேனீக்கள் என் மூட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவை பார்த்தது அந்தக் குச்சிகளை மட்டும்தான்.

மேல்சட்டப் பெட்டி பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. இதில் நான்கு பக்கமும் கட்டிய ஃபிரேம் கிடையாது. நீளமான ஒரு தொட்டி, அதன் வாயை மூடுகிற மாதிரி வரிசையாக அடுக்கிய மரச் சட்டங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் தேனீக்கள் ஓர் அடையைக் கட்டித் தொங்கவிடும். நாம் சட்டத்தைத் தூக்கினால் அடையும் கூடவே வரும். யோசனை பழையது. கிரேக்கத்தில் கூடையின் வாயில் சட்டங்களை அடுக்கித் தேனீ வளர்ப்பதை ஜார்ஜ் வீலர் என்ற பயணி 1682-லேயே எழுதி வைத்திருக்கிறார். பக்கங்கள் சாய்ந்த இன்றைய வடிவம் 1970-களில் கென்யாவில், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தாரின் உதவியோடு உருவானது. பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் அதைத் தான்சானியப் பெட்டி என்பார்கள்.

ஃபிரேம் வைத்த பெட்டியில் எல்லாப் பக்கமும் 6 முதல் 9 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். 1851-ல் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் கவனித்த கணக்கு அது: அதற்குக் குறைந்தால் தேனீ பிசின் வைத்து அடைக்கும், கூடினால் அங்கே அடை கட்டும். மேல்சட்டப் பெட்டியில் அந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. இங்கே கறாரான அளவு ஒன்றே ஒன்றுதான், அது சட்டத்தின் அகலம். நானோ மற்ற எல்லா அளவிலும் கறாராக இருந்துவிட்டு அதில் மட்டும் அசட்டையாக இருந்தேன்.

ஓர் அடையின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த அடையின் நடுக்கோடு வரைக்கும் உள்ள தூரம்தான் சட்டத்தின் அகலம். ஐரோப்பியத் தேனீக்குப் புழு வளர்க்கும் பகுதியில் 35 மி.மீ., தேன் சேர்க்கும் பகுதியில் 38 மி.மீ. ஆப்பிரிக்கத் தேனீக்கு 32. உடல் சிறிய ஆசியத் தேனீக்கு இன்னும் சற்றுக் குறையும். நீங்கள் வளர்க்கப் போவது எந்த வகை என்று தெரியாமல் மரத்தில் கை வைக்காதீர்கள். அதே வகையின் இயற்கையான கூட்டில் பக்கம் பக்கமாகத் தொங்கும் ஐந்தாறு அடைகளை மொத்தமாக அளந்து வகுத்துக்கொண்டால் போதும். என்னிடம் இருப்பது 35-காரர்கள், அதனால் இங்கே சொல்லும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

என் முதல் சட்டங்களில் சில 34, சில 36, ஒன்றிரண்டு 37-ஐத் தொட்டன. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி. முதல் ஆறு சட்டங்களில் அடை நேராக நடுவில் வந்தது, நான் பூரித்துப் போனேன். ஏழாவதில் அடை ஓரமாக நகர்ந்தது. பத்தாவது வந்தபோது அடையின் பாதி ஒரு சட்டத்திலும் மீதி அடுத்த சட்டத்திலும் ஒட்டியிருந்தது. தேனீ நம் சட்டத்தை எண்ணிக்கொண்டு கட்டுவதில்லை, முந்தைய அடையிலிருந்து தன் தூரத்தை எடுக்கிறது. ஒவ்வொரு சட்டமும் சராசரியாக அரை மில்லிமீட்டர் கூடினால்கூடப் பத்தாவது சட்டத்தில் 5 மி.மீ. தள்ளிப் போயிருக்கும், 28-இல் 14 மி.மீ. அது கிட்டத்தட்ட அரைச் சட்டம். பதினோராவதைத் தூக்கியபோது அடை கிழிந்து தேனும் புழுவுமாகக் கீழே விழுந்த சத்தம் இருக்கிறதே, வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் நான் பார்ப்பது மூன்று: நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், கணு இருக்கக் கூடாது, பூச்சிமருந்து ஏற்றியதாக இருக்கக் கூடாது. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்து பதப்படுத்திய பழைய மரம் மலிவாகக் கிடைத்தாலும் தேன் இருக்கும் இடத்துக்கு அது ஆகாது. தொட்டிக்குக் கொஞ்சம் கணு இருந்தால் பரவாயில்லை. சட்டத்துக்கு ஆகவே ஆகாது, ஏனென்றால் முழுதாக நிறைந்த தேனடை ஒன்று 2 கிலோவுக்கு மேல் கனக்கும், அது தொங்குவது 20 மி.மீ. தடிமனுள்ள ஒரு குச்சியில். கணு இருக்கும் இடத்தில் அது முறுக்கிக்கொள்ளும், அல்லது முறியும்.

காய்ந்த மரம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, சுருங்குவது எல்லாம் குறுக்குவாட்டில்தான். குறுக்குவாட்டிலும் இரண்டு விதம் உண்டு. பலகையின் முனையைப் பாருங்கள், வளையக் கோடுகள் தெரியும். கோடுகள் பலகையின் அகலத்தோடு படுத்திருந்தால் அந்த அகலம் அதிகம் சுருங்கும், குத்துக்குத்தாக நின்றால் ஏறக்குறைய அதில் பாதிதான். படுத்த கோட்டுப் பலகைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஈரம் 4 சதவீதம் குறைந்தால் அகலம் 1 சதவீதம் குறையும். அரைகுறையாகக் காய்ந்த மரத்தில் 35 மி.மீ. என்று அறுத்து, அது மேலும் 8 சதவீதம் ஈரத்தை விட்டால் 0.7 மி.மீ. போய்விடும். அதை 28-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதனால் சட்டத்தின் 35 மி.மீ. அகலத்தில் வளையக்கோடுகள் குத்தாக நிற்கிற மாதிரி பலகையைப் பொறுக்கி எடுக்கிறேன். பட்டறைக்குள் கொண்டுவந்து, இடையில் குச்சி வைத்து, காற்றோட்டமாக அடுக்கி, இரண்டு மூன்று வாரம் கிடக்க விட்ட பிறகுதான் அறுப்பது.

இனி அறுக்கும் விதம். நாடாவை வைத்து ஒவ்வொன்றாக அளந்து கோடு போட்டு அறுப்பதுதான் நான் செய்த தப்பு. நாடாவின் நுனிக் கொக்கி ஆடும், பென்சில் கோட்டுக்கே அரை மி.மீ. தடிமன் உண்டு, ரம்பம் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. எனக்குத் தெரிந்த வயதான தச்சர் ஒருவர் கிழிந்த அடையின் கதையைக் கேட்டுவிட்டு, “தம்பி, ஒரே சாமானை 28 தடவை செய்யணும்னா 28 தடவை அளக்கக் கூடாதுப்பா. ஒரு தடவை அளந்து எதையாவது இறுக்கிவிட்டு, அப்புறம் அளவையே மறந்துடணும்” என்றார்.

அதைத்தான் இப்போது செய்கிறேன். மேசை ரம்பத்தின் ஃபென்ஸை, அதாவது பலகையை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பை, 36.5 மி.மீ.-க்கு இறுக்கி, எல்லாப் பலகையையும் ஒரே உட்காரலில் நீளப் பட்டைகளாகக் கிழித்துவிடுகிறேன். இடையில் சாப்பிடப் போனால்கூட ஃபென்ஸைத் தொடுவதில்லை. தடிமன் 20 மி.மீ. ஏற்கெனவே இழைத்து வைத்தது. 35-க்கே கிழிக்காமல் 36.5 ஏன் என்றால், கிழித்தவுடன் சில பட்டைகள் உள் இறுக்கம் விட்டு வில்லாக வளையும், அதைச் சீவ மரம் மிச்சம் வேண்டும். ஒரு நாள் விட்டுவிட்டு, பட்டைகளைச் சிறகாக, அதாவது 20 மி.மீ. விளிம்பு கீழே இருக்கும்படி, நிறுத்தி ஐந்தாறாகச் சேர்த்துத் தடிமன் இழைக்கும் இயந்திரத்தில் விட்டால் எல்லாம் ஒரே அளவில் வெளியே வரும். தனியாக நிறுத்தினால் சாயும், சேர்த்து நிறுத்தினால் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுக்கும்.

இயந்திரம் இல்லையா? என்னிடமும் முதலில் இல்லை, இரண்டாவது பெட்டிக்கான சட்டங்களைக் கையால்தான் செய்தேன். பட்டைகளைச் சட்ட நீளத்துக்கு வெட்டி, ஏழு ஏழாகச் சிறகாக நிறுத்தி, இரண்டு கிளாம்ப் போட்டு ஒரே கட்டையாக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டின் மேல் நீளமான இழைப்புளியை ஓட்டினால் ஏழும் ஒரே பலகை மாதிரிச் சீவப்படும். முதலில் ஒரு பக்கம் சமமாகும் வரை சீவல். பிறகு கட்டைத் திருப்பி, மார்க்கிங் கேஜால், அதாவது அளவை இறுக்கிவைத்து ஊசியால் கோடு கிழிக்கும் கருவியால், இரு முனைகளிலும் 35-இல் கோடு கிழித்து, கோட்டைத் தொடும் வரை சீவல். மார்க்கிங் கேஜின் ஊசி போடும் கோடு பென்சிலை விடப் பத்து மடங்கு நம்பகமானது. இழைப்புளியின் நுனி வெளியே போகும்போது கட்டின் கடைசியில் கை தாழும், அங்கே மட்டும் அதிகம் சீவிவிடும். தொடக்கத்தில் முன்பக்கக் குமிழிலும் முடிவில் பின்பக்கப் பிடியிலும் அழுத்தம் கொடுத்தால் சரியாகும்.

சோதிப்பதற்கு இரண்டு சாதனம், இரண்டும் கழிவுக் கட்டையில் பத்து நிமிடத்தில் ஆகிவிடும். ஒன்று, 35 மி.மீ. வாய் வெட்டிய ஒரு துண்டு. சட்டம் அதில் நுழையாவிட்டால் இழைப்புளிக்குப் போகும். சீட்டுக்கட்டின் ஒரு சீட்டை விட அதிகமாக ஆடினால் தனியே ஒரு குவியலுக்குப் போகும், அதன் கதை பிறகு. இரண்டாவது, நீளமான ஒரு பலகையில் சரியாக 350 மி.மீ. இடைவெளியில் இரண்டு தடுப்பு. அதில் பத்துச் சட்டம் அடுக்கினால் நிறைய வேண்டும். ஒவ்வொன்றிலும் தெரியாத கால் மி.மீ. பத்தைச் சேர்த்தால் இரண்டரை மி.மீ. ஆக முகத்தில் அறையும். வெர்னியர் காலிப்பர் கையில் இருந்தாலும் நான் இந்தப் பத்துச் சட்டச் சோதனையைத்தான் நம்புகிறேன்.

நீளத்துக்கும் இதே கதைதான், ஆனால் இங்கே பெருந்தன்மை காட்டலாம். என்னுடையது 480 மி.மீ. ரம்பத்தின் குறுக்கு வண்டியில் (மரத்தைக் குறுக்கே வெட்டத் தள்ளும் தட்டு) ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கி, பட்டையை அதில் முட்டி முட்டி வெட்டுவது. தடுப்புக் கட்டையின் அடி மூலையைச் சற்றுச் செதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மரத்தூள் அங்கே சேர்ந்து ஒவ்வொரு சட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டே வரும். ஒன்றிரண்டு மி.மீ. நீளம் மாறினால் தேனீக்கு ஒன்றுமில்லை, கூரை வைக்கும்போது நமக்குத்தான் எரிச்சல்.

அடுத்தது சட்டத்தின் அடியில் வைக்கும் வழிகாட்டி முனை. வெறும் தட்டையான சட்டத்தைக் கொடுத்தால் தேனீ எங்கே தொடங்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு இருந்தால் அதைப் பிடித்துத் தொங்கித் தொடங்கும். மூன்று விதமும் செய்து பார்த்துவிட்டேன்.

முதல் விதம், சட்டத்தின் நடுவே ரம்பத்தால் ஒரு காடி போட்டு அதில் மெழுகை உருக்கி ஊற்றுவது. எல்லோரும் இதைத்தான் முதலில் செய்வார்கள், நானும் செய்தேன். அடை மரத்தில் ஒட்டாமல் மெழுகில் ஒட்டுகிறது, மெழுகோ காடியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வெயில் கடுமையான ஒரு நாள் இரண்டு அடைகள் மெழுகோடு கழன்று விழுந்தன. தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில்தான், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிப் பிடியை விட்டுவிடும். இனி இதைச் செய்ய மாட்டேன்.

இரண்டாவது, அதே காடியில் மெழுகுக்குப் பதில் மெல்லிய மரப்பட்டையைப் பசை வைத்துச் சொருகுவது. சாதாரண வட்ட ரம்பத் தகடு தின்னும் அகலம் 3 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும், ஆகவே பட்டையையும் 3 மி.மீ.-க்குச் சீவினால் கச்சிதமாக உட்காரும். காடி 6 மி.மீ. ஆழம், பட்டை கீழே 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். காடியை நீளப் பட்டையிலேயே ஓட்டிவிட்டு அப்புறம் சட்டங்களாக வெட்டினால் வேலை பாதியாகும். கையால் செய்பவர்களுக்கு இதுதான் எளிது.

மூன்றாவது முக்கோணக் குச்சி, என் விருப்பம் இதுதான். அடைக்குப் பிடித்துக்கொள்ள மரப்பரப்பு அதிகம், இதுவரை ஒன்றுகூடக் கழன்று விழவில்லை. ஆனால் முக்கோணம் அறுப்பது கொஞ்சம் பயங்கரமான வேலை, கவனமாகப் படியுங்கள். 12 மி.மீ. தடிமனுள்ள அகலமான பலகை ஒன்றை எடுத்து, ரம்பத் தகட்டை 45 டிகிரிக்குச் சாய்த்து ஓரத்தைச் சீவுங்கள். பலகையைக் குப்புறப் புரட்டி, சாய்ந்த ஓரத்தில் இப்போது மேலே இருக்கும் மழுங்கிய முனையை ஒட்டி மறுபடி ஓட்டினால் 24 மி.மீ. அடியும் 12 மி.மீ. உயரமும் உள்ள முக்கோணம் கழன்று வரும். மறுபடி புரட்டினால் அடுத்தது. இப்படிப் புரட்டிப் புரட்டி ஒரு பலகையையே முக்கோணமாக்கிவிடலாம், ரம்பம் தின்பதைத் தவிர வீணே இல்லை. கவனிக்க வேண்டியது, அந்தச் சின்ன முக்கோணம் தகட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் சிக்கவே கூடாது. சிக்கினால் அம்பு மாதிரிப் பின்னால் பறக்கும். அகலப் பலகைதான் ஃபென்ஸ் பக்கம், முக்கோணம் தகட்டின் மறுபக்கம் சுதந்திரமாக விழ வேண்டும், தகட்டின் சாய்வும் ஃபென்ஸை விட்டு விலகிய பக்கமாக. இதனால் ஒவ்வோர் அறுப்புக்கும் ஃபென்ஸை நகர்த்த வேண்டிவரும். வரட்டும், இங்கே மட்டும் அளவை இறுக்கிவிடுவதை விடப் பாதுகாப்பு பெரிது. பலகை கையளவுக்குக் குறுகியதும் நிறுத்திவிட்டு வேறு பலகையை எடுங்கள். தள்ளுகுச்சி இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், ஓடும் தகட்டின் நேர் பின்னால் நிற்கவும் வேண்டாம்.

முக்கோணத்தைச் சட்டத்தின் நடுவில் ஒட்டுவதற்கும் ஓர் அச்சு செய்துகொண்டேன். சட்டம் உட்காரும் ஒரு பள்ளம், முக்கோணம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று காட்டும் இரண்டு கட்டை. இரண்டு முனையிலும் 25 மி.மீ. வெறுமையாக விட வேண்டும், அங்கேதான் சட்டம் தொட்டியின் விளிம்பில் உட்காரும். ஈரம் தாங்கும் மரப்பசை, இரண்டு மெல்லிய ஆணி, அவ்வளவுதான். பசை காய்ந்ததும் முக்கோணத்தின் கூர்விளிம்பில் மெழுகுக் கட்டியை ஒரு தடவை அழுத்தித் தேய்க்கிறேன். மணத்துக்காக மட்டும்தான். உருக்கிப் பூசுவதென்றால் மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். தீப்பிடித்த மெழுகுக்குத் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம்.

தொட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் தவறு நடந்தாலும் தேனீ மன்னித்துவிடும். என் அளவு இது: உள்ளே மேல்வாய் 440 மி.மீ., அடி 130, பக்கப் பலகையின் அகலம் 310, செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வு. இப்படிச் சாய்த்தால் உட்புற ஆழம் 268 மி.மீ. வரும். தரைக்கும் பக்கத்துக்கும் இடையிலான கோணம் 120 டிகிரி, தேனடை அறையின் மூலைக் கோணமும் அதேதான். இந்தச் சாய்வு இருந்தால் தேனீ அடையைப் பக்கத்தில் ஒட்டாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். என்னுடையவை ஒட்டத்தான் செய்கின்றன, கத்தியால் அறுத்துவிட்டுச் சட்டத்தை எடுக்கிறேன்.

கோணமானியை வைத்துக்கொண்டு தொட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் தடுப்புப் பலகைகளைச் செய்யுங்கள், அதாவது பெட்டிக்குள் நகர்த்தி நகர்த்தித் தேனீக்களின் இடத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அந்தச் சரிவகப் பலகை. ஒன்றுக்கு நான்கு பக்கமும் கோடு போட்டு அறுத்து, மற்றதை அதோடு சேர்த்துக் கட்டி ஒரே அளவாக இழைத்துவிடுங்கள். இரண்டையும் சமதரையில் தலைகீழாக நிறுத்தி, பக்கப் பலகைகளை அவற்றின் மேல் சாய்த்து, தடுப்புக்கும் பலகைக்கும் நடுவே கனமான அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, முனைப் பலகைகளைத் திருகாணியால் பூட்டினால் தொட்டி தடுப்பின் வடிவத்திலேயே பிறக்கும். அட்டையை உருவினால் தடுப்பு நகர்வதற்கு 2 மி.மீ. இடம் கிடைக்கும், தேனீ நுழைய அது போதாது. முதல் பெட்டியில் நான் தொட்டியைச் செய்துவிட்டுத் தடுப்பைச் செய்தேன். ஒரு முனையில் இறுகி மறுமுனையில் ஆடியது, காரணம் தொட்டி அரை டிகிரி முறுக்கியிருந்தது.

முனைப் பலகை வழியாகப் போகும் திருகாணி பக்கப் பலகையின் வெட்டுமுனையில்தான் இறங்குகிறது. வெட்டுமுனையில் திருகாணிக்குப் பிடி குறைவு. நீளமான திருகாணி, முன்கூட்டியே துளை, உள்மூலையில் சின்ன முட்டுக் கட்டை, இந்த மூன்றும் இருந்தால் போதும். நான் முதலில் இழைத்து இழைத்துச் செய்த அலங்கார மூட்டுக்கு எந்த அவசியமும் இல்லை. பக்கப் பலகையின் மேல்விளிம்பை 30 டிகிரியில் சீவிச் சட்டத்துக்குச் சமதளம் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். சீவாவிட்டால் 20 மி.மீ. தடிமன் பலகையின் வெளிவிளிம்பு உள்விளிம்பை விட 10 மி.மீ. தாழ்ந்திருக்கும், சட்டம் உள்விளிம்பின் கூரான கோட்டில் மட்டும் உட்காரும். சோம்பேறித்தனத்தால் ஒரு பெட்டியில் அப்படியே விட்டேன். பார்த்தால் அதில்தான் சட்டத்தை வைக்கும்போது நசுங்கும் தேனீக்கள் குறைவு, பிசினும் குறைவு. இப்போது வேண்டுமென்றே சீவாமல் விடுகிறேன்.

தொட்டியின் உள்நீளம் மட்டும் யோசித்து வையுங்கள். 28 சட்டம், 35 மி.மீ., மொத்தம் 980. நான் முதல் பெட்டியைச் சரியாக 980-க்குச் செய்தேன், என்ன ஒரு துல்லியம்! மழைக்காலத்தில் சட்டங்கள் ஊதி, எடுத்த கடைசிச் சட்டத்தைத் திரும்ப வைக்க முடியவில்லை. இப்போது உள்நீளம் 1000 வைக்கிறேன். மீதி 20 மி.மீ.-ஐ மெல்லிய சொருகுபட்டைகள் நிரப்பும். வாசல் துளைகள் 22 மி.மீ., மூன்று. தட்டை டிரில் பிட்டின் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து துளையிட்டால் மரம் பிய்யாது. கூரை மழை ஒழுகாமல் இருந்தால் சரி, கால்கள் ஆடாமல் இருந்தால் சரி.

பெட்டியின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் 20 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு, வெந்நீரில் வைத்துக் கலந்து சூட்டோடு பூசுகிறேன். உள்ளே எதுவும் வேண்டாம், அதைத் தேனீக்களே பிசின் பூசிக்கொள்ளும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். பட்டறை முழுக்க மரச்சீவல் கிடக்கும் இடத்தில் இது விளையாட்டில்லை. விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள்.

இனி அந்தச் சொருகுபட்டை விஷயம். எவ்வளவு கறாராக இருந்தாலும் தேனீ சில சமயம் நகரத்தான் செய்யும். தேன் சேர்க்கும் பக்கம் அடையைத் தடிமனாகக் கட்டும், 35 பற்றாது. அதற்காக 38 மி.மீ.-இல் தனியாக ஒரு தொகுதிச் சட்டம் செய்தால் எது எது என்று குழம்பும். எல்லாவற்றையும் 35-ஆகவே வைத்துக்கொண்டு, தேன் பக்கத்தில் மட்டும் இரண்டு சட்டத்துக்கு நடுவே 3 மி.மீ. பட்டையைச் சொருகினால் 38 ஆகிவிடுகிறது. அடை ஓரத்துக்கு நகரத் தொடங்கும் இடத்திலும் ஒரு பட்டை வைத்து அடுத்த சட்டத்தை அதன் நடுக்கோட்டுக்குக் கொண்டுவரலாம். அதனால்தான் சீட்டளவுக்கு மேல் ஆடிய ஒல்லிச் சட்டங்களைத் தூக்கிப் போடுவதில்லை. குறைந்த அகலத்தைப் பட்டை வைத்து ஈடுகட்டலாம், கூடிப்போன சட்டத்தைப் பெட்டிக்குள் வைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பக்கம் தவற வேண்டும் என்றால் ஒல்லியான பக்கமாகத் தவறுங்கள்.

இந்தப் பட்டைகளுக்காக நான் புது மரம் எதுவும் வாங்கவில்லை. அந்த முதல் 28 சட்டங்களில் முறுக்காமல் இருந்தவை இருபதுக்கு மேல் தேறின. மெழுகைச் சுரண்டிவிட்டு, 3 மி.மீ. பட்டைகளாக அறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாவது பெட்டியில் ஒவ்வொரு தேன் காலத்திலும் அவற்றில் ஐந்தாறு உள்ளே போய்விடுகின்றன.